குவாதலூப்பிலிருந்து தஞ்சாவூர் வரை ஒரு பேனா

தஞ்சாவூர் அரசர் துளஜாஜிக்கு லண்டனில் ஒரு முகவர் இருந்தார். அவர் பெயர் வில்லியம் பர்க். 1770களின் பிற்பாதியில் அரசருக்காக அங்கே வாதாடினார், எழுதினார், பெரிய மனிதர்களின் கதவுகளைத் தட்டினார். மராட்டியர் காலத் தஞ்சையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பெயர் கண்ணில் பட்டது. யார் இந்த மனிதர் என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே போய் 1760ஆம் ஆண்டில் நின்றேன். அங்கே இவர் முற்றிலும் வேறொரு கேள்விக்குள் இறங்கியிருந்தார். போரில் பிடித்த இரண்டு நிலங்களில் பிரிட்டன் எதை வைத்துக்கொள்ள வேண்டும்: கனடாவையா, கரீபியக் கடலில் இருக்கும் குவாதலூப் தீவையா?

மூன்று மாதமாக அந்த வாதத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், கணக்கு என்று சொல்வேன்.

என் அப்பா கிராமக் கணக்கு எழுதியவர். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், ஏரியை நம்பி இருக்கும் ஊர் எங்களுடையது. 1980ல் பரம்பரைக் கர்ணம் முறையை அரசு ஒழிக்கும்வரை ஊரின் அடங்கல் அவர் கையில் இருந்தது. புல எண், பரப்பு, பட்டாதாரர் பெயர், பயிர், பாசனம் என்று கட்டம் கட்டமாகச் சிவப்பு மையிலும் நீல மையிலும் எழுதுவார். நான் பள்ளியில் படிக்கும்போது, ஒரு ஐப்பசி மழை இரவில், குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த ஒருவர் வந்து திண்ணை ஓரத்தில் நின்றார். சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுத முடியுமா என்று கேட்டார். நிலத்துக்காரர் சம்மதிக்காமல் எழுத முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் மறுபேச்சுப் பேசாமல், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அந்த வயலில் அவர் இருபது வருடமாக உழுதிருந்தார். அடங்கலில் அவர் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கணக்கைப் பார்த்தாலும் கட்டத்துக்குள் வராமல் போனவர் யார் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

இனி லண்டனுக்கு வருகிறேன்.

பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் இடையே ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1759 பிரிட்டனுக்கு வெற்றி மேல் வெற்றி குவிந்த ஆண்டு. மே மாதம் 1ஆம் தேதி குவாதலூப் சரணடைந்தது. செப்டம்பரில் கியூபெக் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. செப்டம்பரில் மான்ட்ரியால் பணிந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி. சமாதானப் பேச்சு வந்தால் பிடித்ததெல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது, சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதைக் கொடுப்பது என்பதில்தான் சண்டை. எதை விட்டுக்கொடுத்தால் என்னைத் தூக்கில் போடுவீர்கள் என்று போரை நடத்திய அமைச்சர் வில்லியம் பிட் கேட்டதாக ஒரு பேச்சு உண்டு.

சண்டை நடந்த இடம் பிரசுரங்கள். பிரசுரம் என்றதும் தெருமுனையில் கையில் திணிக்கப்படும் ஒற்றைத் தாளை நினைத்துவிடக் கூடாது. இவை ஐம்பது, அறுபது, சிலசமயம் நூறு பக்கம் வரும். அட்டை கிடையாது, நூலால் தைத்திருப்பார்கள், ஒரு ஷில்லிங் அல்லது அதற்குச் சற்று முன்பின்னாக விலை. எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. காப்பிக் கடைகளில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பார்கள். மாதப் பத்திரிகைகள் அதிலிருந்து பகுதி பகுதியாக எடுத்துப் போடும். ஒன்று வந்தால் சில வாரங்களில் அதற்கு மறுப்பு வரும். மறுப்புக்கும் மறுப்பு வரும்.

இந்த வாதத்தைக் கிளப்பியது 'இரு பெரிய மனிதர்களுக்கு ஒரு கடிதம்' என்ற பிரசுரம். பெரிய மனிதர்கள் இருவரும் பிட்டும் அப்போதைய பிரதமர் நியூகாசில் பிரபுவும். எழுதியவர் ஜான் டக்ளஸ் என்ற பாதிரியார். பிற்காலத்தில் பிஷப் ஆனவர். எதை விட்டாலும் கனடாவை விடாதீர்கள் என்றார். போர் மூண்டதே அமெரிக்க எல்லையில்தான். பிரெஞ்சுக்காரர்களை அங்கே மறுபடி உட்காரவைத்தால் இன்னொரு போருக்கு நாமே விதை போட்டதாகும் என்பது அவர் கட்சி.

இதற்கு வந்த பதில்தான் வில்லியம் பர்க் எழுதியதாகப் பொதுவாகக் கருதப்படுவது. பிற்காலத்தில் பாராளுமன்றப் பேச்சுகளாலும் எழுத்துகளாலும் புகழ்பெற்ற எட்மண்ட் பர்க்கின் உறவினர் இவர். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல ஒட்டிக்கொண்டவர்கள். பிடிபட்ட குவாதலூப்பில் வில்லியமுக்குச் செயலாளர் பதவி கிடைத்திருந்தது. அந்தத் தீவை வைத்துக்கொள்ளச் சொன்னவரின் சம்பளம் அந்தத் தீவிலிருந்துதான் வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் வாதம் வலுவானது. கனடா என்ன தரும்? தொப்பி செய்ய பீவர் தோல். குவாதலூப் சர்க்கரை தரும். சர்க்கரைக்கு ஐரோப்பா முழுவதும் சந்தை உண்டு. கப்பல்களுக்கு வேலை, துறைமுகங்களுக்கு வேலை, கஜானாவுக்கு வரி. ஒரு சின்னத் தீவு ஒரு கண்டத்தின் பாதியைவிட அதிகம் சம்பாதிக்கும்.

அடுத்து அவர் சொன்னதைத்தான் வரலாற்று மாணவர்கள் இன்றும் அடிக்கோடிட்டுப் படிக்கிறார்கள். கனடாவில் பிரெஞ்சுக்காரர்கள் இருப்பது நல்லதே என்றார். நம்மைச் சற்று அச்சத்தில் வைத்திருக்கும் அண்டைவீட்டுக்காரன் எப்போதும் மோசமானவன் இல்லை என்றார். அந்த பயம் போய்விட்டால் அமெரிக்கக் குடியேற்றங்கள் உள்நாட்டுக்குள் பரந்து விரியும், தாய்நாட்டின் தயவு அவற்றுக்குத் தேவைப்படாமல் போகும், கடைசியில் கைவிட்டுப் போய்விடும்.

1760 ஏப்ரலில் இதற்கு ஒரு பதில் வெளிவந்தது. எழுதியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வழக்கம்போலப் பெயர் போடாமல். பென்சில்வேனியா சட்டசபையின் பிரதிநிதியாக 1757 முதல் லண்டனில், கிரேவன் தெருவில் ஒரு வீட்டில் குடியிருந்தார். அவருடைய வாதத்தின் முதுகெலும்பு மக்கள்தொகை. அமெரிக்காவில் நிலம் ஏராளம். நிலம் இருந்தால் சீக்கிரம் கல்யாணம், நிறையப் பிள்ளைகள். இருபத்தைந்து ஆண்டுக்குள் ஜனத்தொகை இரட்டிக்கிறது. சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடைக்கும் இடத்தில் எவனும் இன்னொருவனின் தறியில் கூலிக்கு உட்கார மாட்டான். ஆகவே துணியும் இரும்புச் சாமானும் பிரிட்டனிலிருந்துதான் போக வேண்டும். பென்சில்வேனியாவுக்குப் போன பிரிட்டிஷ் சரக்கின் மதிப்பை அடுக்கினார்: 1723ல் ஏறக்குறைய 16,000 பவுண்டு, 1757ல் 2,68,000 பவுண்டு. தீவில் அடிமைகளை வைத்திருக்கும் சில முதலாளிகள் வாங்குவது ஒரு அளவோடு நிற்கும். கனடா உங்கள் கையில் இருந்தால் அந்த நிலமெல்லாம் உங்கள் துணியை வாங்கும் குடும்பங்களால் நிறையும்.

குடியேற்றங்கள் பெருகிவிடும் என்று பயப்படுகிறீர்களா என்று அவர் கேட்டு எழுதிய பத்தியைப் படித்துவிட்டு அன்று இரவு கணினியை மூடிவைத்தேன். அவ்வளவு பயமாக இருந்தால் பிரெஞ்சுக்காரனையும் செவ்விந்தியரையும் ஏவிக் கொல்வதைவிட, பிறக்கும்போதே மூன்றில் ஒன்றையோ நான்கில் ஒன்றையோ நெரித்துவிடும்படி அங்குள்ள மருத்துவச்சிகளுக்குச் சட்டம் போட்டுவிடுங்களேன் என்கிறார். எதிராளி நாகரிகமாக மூடிவைத்திருந்த எண்ணத்தின் துணியை அந்த ஒரு வாக்கியம் இழுத்துவிடுகிறது. அண்டைவீட்டுக்காரனை வைத்து அச்சமூட்டுவது என்றால் எல்லைக் கிராமங்களில் குழந்தைகள் சாக வேண்டும் என்பதுதானே பொருள்?

பிரிந்து போய்விடுவார்கள் என்ற பயத்துக்கும் பதில் வைத்திருந்தார். பதினான்கு தனித்தனி அரசுகள், ஒன்றுக்கொன்று பொறாமை. தங்கள் வீடுகளைக் கொளுத்திய எதிரிக்கு எதிராகவே ஒன்றுசேர முடியாதவை தாய்நாட்டுக்கு எதிராக ஒன்றுசேருமா? இது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. 1754ல் ஆல்பனியில் கூட்டமைப்புத் திட்டம் ஒன்றை அவரே வகுத்துக் கொடுத்தார். ஒரு குடியேற்றமும் அதை ஏற்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்: மிகக் கொடிய அடக்குமுறை இல்லாதவரை. காற்று அடிக்காமல் அலை எழாது என்றும் எழுதினார். பதினாறு ஆண்டு கழித்து விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர்.

இதை வைத்து வில்லியம் பர்க்கைத் தீர்க்கதரிசி என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் சொன்னது நடந்தது உண்மை. ஆனால் மக்களை பயத்தில் வைத்திருந்தால்தான் கட்டி ஆள முடியும் என்பது ஆட்சியாளரின் பழைய நப்பாசை. அது பலிக்காமல் போனதும் நான் அப்போதே சொன்னேன் என்பது யாருக்கும் பெருமை சேர்க்காது. ஃபிராங்க்ளின் தவறாகக் கணித்தார் என்றாலும், எது நடந்தால் தன் கணிப்பு தவறும் என்பதை அதே பக்கத்தில் எழுதிவைத்தார். அது நேர்மை என்று நினைக்கிறேன்.

இப்போது கட்டத்துக்குள் வராதவர்கள். குவாதலூப்பின் மக்களில் பெரும்பகுதியினர் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். பிரிட்டனின் ஆட்சி நடந்த நாலு வருடத்துக்குள் பிரிட்டிஷ் கப்பல்கள் இன்னும் பல்லாயிரம் பேரை அங்கே கொண்டுபோய் விற்றன. தீவின் மதிப்பு ஏறுகிறது என்று பிரசுரங்கள் எழுதுவது இதைத்தான். சர்க்கரை எத்தனை பீப்பாய், கப்பல் எத்தனை, அடிமைகள் உடுத்தும் முரட்டுத்துணி எத்தனை கஜம் என்றெல்லாம் வருகிறது. அவர்கள் தலைகளாக வருகிறார்கள், கைகளாக வருகிறார்கள், ஆட்களாக வருவதில்லை. ஃபிராங்க்ளினிடமும் வருவதில்லை. கனடாவின் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடிகள் இரண்டு கட்சிக்கும் வெறும் ஆபத்து. ஒரு கட்சிக்கு நீக்க வேண்டிய ஆபத்து, மறு கட்சிக்கு விட்டுவைக்க வேண்டிய ஆபத்து. கனடாவில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சுக் குடியானவர்கள் இருந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஃபிராங்க்ளினின் பிரசுரம் வந்த அதே 1760 ஏப்ரலில் ஜமைக்காவில் டாக்கி என்பவர் தலைமையில் அடிமைகள் ஆயுதம் எடுத்தார்கள். தீவின் பல பகுதிகளுக்குப் பரவி மாதக்கணக்கில் நீடித்தது அந்தக் கிளர்ச்சி. அதை அடக்கியவர்கள் பிடிபட்டவர்களைச் செய்த சித்திரவதையை இங்கே எழுத மனம் வரவில்லை. சர்க்கரைத் தீவின் விலையை லண்டனில் பேசிக்கொண்டிருந்த அதே வாரங்கள் அவை.

முடிவு என்ன ஆயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1763 பிப்ரவரி 10 அன்று பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கனடா பிரிட்டனுக்கு, குவாதலூப்பும் மார்ட்டினிக்கும் பிரான்ஸுக்கு. பிரசுரங்களின் வாதத்தால்தான் அப்படி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். குவாதலூப்பின் சர்க்கரை வந்து குவிந்தால் தங்கள் சரக்கின் விலை சரியும் என்று ஜமைக்கா, பார்படோஸ் தோட்ட முதலாளிகள் அஞ்சினார்கள். பாராளுமன்றத்தில் அவர்கள் குரலுக்குக் கனம் இருந்தது. பிரான்ஸும் தன் சர்க்கரைத் தீவுகளை இழக்கத் தயாராக இல்லை. சில காணி பனிநிலம் என்று வால்டேர் கனடாவைத் தள்ளி எழுதியிருந்தார்.

அதே ஒப்பந்தம் புதுச்சேரியையும் பிரான்ஸிடம் திருப்பிக் கொடுத்தது. புதுச்சேரியும் குவாதலூப்பும் ஒரே தாளில், ஒரே நாளில். பின்னால் நடந்த போர்களில் இரண்டுமே மறுபடி சில முறை கைமாறினாலும் அந்தப் போர்கள் ஓய்ந்தபோது பிரான்ஸிடம்தான் இருந்தன. 1848ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பரில் இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் குவாதலூப்பில் கரை சேர்ந்தது. 1889 வரை ஏறக்குறைய 42,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். இன்றும் அந்தத் தீவில் மாரியம்மனுக்குக் கோயில் உண்டு. மாலியேமேன் என்ற ஒலியில் அவளை அழைக்கிறார்கள். எத்தனை பவுண்டு தேறும் என்று வில்லியம் பர்க் கணக்குப் போட்ட அதே மண்ணில் என் ஊர்ப்பக்கத்து ஆட்கள் கரும்பு வெட்டியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது உடம்பு ஒருகணம் நடுங்கியது.

அந்த வில்லியம் பர்க்குக்கு வருகிறேன். தீவு கையை விட்டுப் போனதோடு பதவியும் போயிற்று. பிறகு பாராளுமன்ற உறுப்பினரானார். கடன் வாங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளில் பணம் போட்டார். ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் புகுந்த செய்தி 1769ல் லண்டனை எட்டியதும் பங்கு விலை சரிந்தது. அவர் மீள முடியாத கடனில் விழுந்தார். கர்நாடகம் என்று நான் சொல்வது ஆற்காடு நவாபின் ஆட்சிப் பகுதியை. அன்று நம் பக்கத்துக்கு அதுதான் பெயர்.

1773ல் நவாப் முகமது அலி கம்பெனிப் படையின் உதவியோடு தஞ்சாவூரைப் பிடித்துத் துளஜாஜியைச் சிறைவைத்தார். கம்பெனியின் இயக்குநர்கள் லண்டனிலிருந்து அதைக் கண்டித்து, அரசைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார்கள். பிகாட் பிரபு சென்னை ஆளுநராக வந்து 1776 ஏப்ரலில் துளஜாஜியை மறுபடி அமர்த்தினார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் முன்வந்து, தஞ்சையின் விளைச்சலிலிருந்து தனக்கு 2,34,000 பவுண்டு வர வேண்டும் என்றார். ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளம் வாங்கியவர்! பிகாட் மறுத்தார். ஆகஸ்டில் அவருடைய சொந்தக் கவுன்சிலின் பெரும்பான்மையினரே அவரைக் கைது செய்தார்கள். காவலிலேயே 1777 மே மாதம் இறந்தார். அவருக்கான கடிதங்களைச் சுமந்து வில்லியம் பர்க் சென்னை வந்து சேர்ந்தபோது அவற்றை வாங்க ஆள் இல்லை. பர்க் தஞ்சை அரசரின் முகவரானார்.

லண்டனில் மறுபடி பிரசுரச் சண்டை. நவாபின் பக்கம் எழுதியவர்களில் ஒசியன் கவிதைகளால் பேர்பெற்ற ஜேம்ஸ் மாக்ஃபெர்சன் இருந்தார். தஞ்சையின் பக்கம் பர்க்குகள். 1779ல் அவர்கள் வெளியிட்ட பிரசுரம், பிரிட்டிஷ் ஆயுதங்களால் முகமதியர்களுக்கு நாடு பிடித்துக் கொடுப்பது சரியா என்று தலைப்பிலேயே கேட்டது. மதத்தை இழுத்து வாசகனின் வெறுப்பைத் தூண்டும் அந்தத் தலைப்பு எனக்குக் கசக்கிறது. தஞ்சைக் குடியானவர் தன் நெல்லை நவாபின் ஆள் அள்ளினாலும் அரசரின் ஆள் அள்ளினாலும் பட்டினிதான் கிடந்திருப்பார்.

ஆனால் இந்த வழியே போனவன் எதிர்பாராத ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். 1785 பிப்ரவரி 28. நவாபுக்குக் கடன் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்ட பென்ஃபீல்டு வகையறாவுக்கு, விசாரணை இல்லாமலே கர்நாடகத்தின் வருவாயிலிருந்து பணம் கொடுக்க அரசு முடிவு செய்திருந்தது. பிரதமர், 1760 கடிதம் அழைத்த பெரிய மனிதர் பிட்டின் மகன். காமன்ஸ் சபையில் எட்மண்ட் பர்க் எழுந்து பேசினார். பேச்சு பின்னர் அச்சிலும் வந்தது. அதன் நடுவே சென்னையைச் சுற்றிக் கம்பெனிக்கு நவாப் கொடுத்த ஜாகீரின் வரைபடத்தைப் பற்றிப் பேசுகிறார். ஜாகீர் என்றால் எங்கள் செங்கல்பட்டுச் சீமை. அந்த ஒரு வரைபடத்தில் இருக்கும் ஏரிகளைத் தானே உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததாகச் சொல்கிறார். ஆயிரத்து நூறுக்கு மேல். இரண்டு மூன்று ஏக்கரிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுவரை. கர்நாடகத்திலும் தஞ்சையிலும் சேர்த்துப் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்கிறார். ஆறுகள் குறைந்த, பருவத்தில் மட்டும் மழை பெய்யும் நாடு இது. இந்தத் தண்ணீர்தான் கர்நாடகத்தின் தேசிய வங்கி என்கிறார். இவற்றை வெட்டிய அரசர்கள் தங்களுக்குப் பின்னால் வரும் தலைமுறைகளைச் சொந்தப் பிள்ளைகளாக நினைத்தவர்கள் என்கிறார்.

இந்தியாவில் ஒருநாளும் கால் வைக்காதவர். மேசையில் விரித்த தாளில், ஒவ்வொரு ஏரியாக விரல் வைத்து எண்ணியிருக்கிறார். அவருடைய உறவினர் தஞ்சை அரசரின் பணத்தில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் இருவரின் எதிரிகளும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இருந்தாலும் இருபத்தைந்து வருடப் பிரசுரங்களைப் படித்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வரும்போது மூச்சு திரும்புகிறது. அந்த எண்ணிக்கை பவுண்டில் இல்லை. கரையை உயர்த்தியவர்கள், மதகைத் திறந்தவர்கள், நீர் பாய்ச்சியவர்கள் அதற்குள் இருக்கிறார்கள். அன்று அவர் ஆதரித்துப் பேசிய தீர்மானம் தோற்றது. கடன்காரர்களுக்குப் பணம் போயிற்று.

எங்கள் ஊர் ஏரி அந்த ஆயிரத்து நூறில் ஒன்றாக இருந்திருக்கும். பர்க் எண்ணிக்கையை மட்டும் சொன்னார், பெயர்களைச் சொல்லவில்லை. அப்பாவின் பழைய அடங்கல் நோட்டுகளில் மிஞ்சியது ஒன்று என்னிடம் இருக்கிறது, பின்பக்கங்கள் வெறுமையாக. போன வாரம் அதில் எழுதத் தொடங்கினேன். மதுராந்தகம், செம்பரம்பாக்கம், உத்திரமேரூர், தென்னேரி, மணிமங்கலம், கொளவாய். அதன் பிறகு வரைபடத்தில் இல்லாத சின்ன ஏரிகள், சித்தேரிகள், தாங்கல்கள்; ஊர் ஊராகப் போய் வயதானவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே மதகு பார்த்தவரின் பெயர், நீர்க்கட்டி வேலை செய்தவரின் பெயர் தெரிந்தால் அதையும். எங்கள் ஊர் ஏரிக்கு எதிரே, அந்த மழை இரவில் வந்தவரின் பெயரை எழுதியிருக்கிறேன். இதுவரை நாற்பத்தாறு ஆகியிருக்கிறது.